மலையடிவாரத்தில் ஓர் ஊர்: பொட்டல்புதூர்



நம் பிள்ளைகளிடம் "உன் ஊர் எது?" என்று கேட்டால் கோலாலம்பூர் என்பார்கள், கிள்ளான் என்பார்கள். அதில் தவறில்லை. "பாட்டனார் பிறந்த ஊர்?" என்றால் பெயரை மட்டும் சொல்வார்கள். அவ்வூருக்கு எத்திசையில் மலை, வயலுக்கு எந்த ஆற்றுத் தண்ணீர் என்றால் விடை வராது. வீட்டுப் பெரியவர்கள் மறைந்துவிட்டால் அதைச் சொல்லவும் ஆளிராது. ஆகவே ஓர் ஊரை அறிந்துகொள்ளும் முறையைப் பொட்டல்புதூரை வைத்துப் படிப்போம்.

முதலாவது, பெயர். மரஞ்செடியற்ற வெட்டவெளியைப் பொட்டல் என்பர். புதிதாய்க் குடியேறிய ஊர் புதூர். பெயரிலேயே ஊரின் ஆரம்ப நிலை அடங்கியிருக்கிறது.

இரண்டாவது, இடம். தென்காசியிலிருந்து அம்பாசமுத்திரம் போகும் சாலையில், கடையத்துக்கும் ஆழ்வார்குறிச்சிக்கும் நடுவே இவ்வூர் உள்ளது. முன்பு திருநெல்வேலி மாவட்டம். 2019 முதல் தென்காசி மாவட்டம். மேற்கே மதில்போல் மேற்குத் தொடர்ச்சி மலை நிற்கிறது.

மூன்றாவது, நீர். தென்மேற்குப் பருவக் காற்று கொண்டுவரும் மழையில் பெரும்பகுதியைக் கேரளப் பக்கமே பெற்றுக்கொள்கிறது. அடிவாரத்துக்கு மிஞ்சுவது சாரல். வடகிழக்குப் பருவத்தில்தான் நல்ல மழை. ஆயினும் மலையில் பெய்த நீர் ராமநதியாகவும் கடனா நதியாகவும் இறங்கிவந்து, இவ்வட்டாரத்து வயல்களை நனைத்துத் தாமிரபரணியில் சேருகிறது.

நான்காவது, ஊரின் குணம். இங்குள்ள முகைதீன் ஆண்டவர் பள்ளிவாசல் 1674-இல் எழுந்தது என்பர். தமிழ்நாட்டுக் கோயில்களைப் போலவே கல் தூண்களும் மண்டபமும் கொண்டது. முகைதீன் அப்துல் காதிர் ஜீலானி (ரலி) அவர்களின் அடக்கத்தலம் பாக்தாதில் உள்ளது. இங்கிருப்பது அவர்களின் நினைவிடம். ரபீஉல் ஆகிர் மாதக் கந்தூரிக்கு முஸ்லிம்களோடு இந்துக்களும் வந்து நேர்ச்சை செலுத்துகிறார்கள். கடையத்தில் வாழ்ந்த மகாகவி பாரதியார் 1920-இல் இவ்வூருக்கு வந்து இஸ்லாத்தின் மேன்மையைப் பற்றிச் சொற்பொழிவாற்றினார். வந்தவரை வேற்றாளாக எண்ணாத ஊர் இது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

'ஜீலானி' என்ற பெயரும் ஓர் ஊர்ப்பெயரே. பாரசீகத்தில் காஸ்பியன் கடலின் தென்கரையில் உள்ள ஜீலான் நாட்டைக் குறிப்பது. அங்கும் மலையே மழையைப் பங்கிடுகிறது. கடலிலிருந்து வரும் மேகத்தை எல்புர்ஸ் மலை தடுப்பதால் ஜீலானில் நெல்லும் தேயிலையும் விளைகின்றன. மலைக்குத் தெற்கே வறட்சி. அந்நாட்டின் மாசூலே என்னும் மலைக்கிராமத்தில் கீழ்வீட்டுக் கூரையே மேல்வீட்டாருக்கு முற்றமும் தெருவுமாகும். அடுத்த வீட்டாரைப் பகைத்துக்கொண்டு அங்கே நடமாட முடியுமா? பொட்டல்புதூருக்கும் மாசூலேக்கும் நெடுந்தூரம். ஆனால் இரண்டிலும் மண்ணும் மலையும் அண்டை வீட்டாரும் சேர்ந்தே மனிதரை உருவாக்குகின்றன.

பிள்ளைகளே, இவ்வாரம் ஜும்ஆ முடிந்து மஸ்ஜித் இந்தியாவிலிருந்து வீடு திரும்பியதும் உங்கள் அத்தாவிடமும் பாட்டியாரிடமும் நான்கு கேள்விகள் கேளுங்கள்:

1. நம் பாட்டனார் ஊர்ப்பெயருக்குப் பொருள் என்ன?
2. அவ்வூரின் நாற்புறமும் என்ன இருக்கிறது?
3. குடிநீரும் பாசன நீரும் எங்கிருந்து வருகின்றன?
4. ஊரில் யார் யார் சேர்ந்து வாழ்கிறார்கள்?

விடைகளை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, தேதியிட்டு வையுங்கள். உங்கள் பிள்ளைகளுக்கு அதுவே பாடப்புத்தகம்.