பழந்திரையும் புதுத்திரையும்

ஜெர்மன் நாட்டறிஞர் பிரவுன் 1897ஆம் ஆண்டில் அமைத்த எதிர்மின்கதிர்க் குழலே நெடுங்காலம் தொலைக்காட்சிக்கு உயிராய் விளங்கியது. அதன்கண் எலக்ட்ரான் கற்றை ஒளிர்பூச்சின்மேல் மோதி உருவங்களைத் தோற்றுவிக்கும். விரைந்தோடும் காட்சிகளும் அதில் கலங்காது தோன்றும். எனினும் பெட்டி பெரிது, பளுவும் மிகுதி. பின்விளக்கின் ஒளியைத் திரவப் படிகங்களால் மறைத்தும் விடுத்தும் காட்டும் தட்டைத்திரையோ மெல்லியது. ஒத்த அளவுடைய குழற்பெட்டியினும் குறைந்த மின்சாரமே கொள்வது. ஆதலின், புதிது வாங்குவோர் அதனைத் தேர்தல் தக்கதே.

ஆயினும், நன்கு இயங்கும் பழம்பெட்டியைப் புதுமை வேட்கையால் எறிதல் அறிவுடைமையாகாது. ஊடுகதிர் வெளிப்படாவண்ணம் குழலின் கண்ணாடியில் ஈயம் கலக்கப்பட்டுள்ளது. குப்பையில் உடைந்து கிடப்பின் அது மண்ணையும் நீரையும் கெடுக்கும். பழுதுற்ற பெட்டியை உரிமம் பெற்ற மின்கழிவு நிலையத்தில் ஒப்படைத்தலே கடன். பொருளைக் கொள்ளும்போது மட்டுமன்று, கழிக்கும்போதும் ஆராய்தல் வேண்டும்.