பின்னிருந்து பிரிக்கும் கணக்கு

படூருக்குக் கிழக்கே உப்பங்கழியைக் கடந்தால் வங்கக் கடல். 2004 டிசம்பர் 26 அன்று சுமாத்திராவின் அருகே கடலடி நிலம் பெயர்ந்தமையால் எழுந்த ஆழிப்பேரலை இக்கரையையும் தாக்கியது. அலை பரவும் வகையைக் கணினியில் நிகழ்த்திக் காணும் மாதிரிகள் பல உள. ஆயின் நாம் வினவக் கருதுவது தலைகீழானது: கோவளத்தில் உயர்ந்த நீர்மட்டத்திற்குக் கடலடியின் எப்பகுதி எவ்வளவு காரணம்?

கடலைப் பத்து இலட்சம் கட்டங்களாகப் பகுத்ததாகக் கொள்வோம். ஒவ்வொரு கட்டத்தின் எழுச்சியையும் சிறிது மாற்றி நிரலை ஓட்டின், பத்து இலட்சத்து ஓர் ஓட்டங்கள் வேண்டும். இறுதி விடையிலிருந்து பின்னோக்கி வகைக்கெழுவைக் கணக்கிடும் நிரல் இருப்பின், ஓர் ஓட்டத்தைப் போலச் சில மடங்கு உழைப்பிலேயே அனைத்தும் கிட்டும். பின்லாந்தின் செப்போ லின்னைன்மா 1970இல் தம் முதுகலை ஆய்வேட்டில் இம்முறையை வகுத்தார். அத்தகைய நிரலைக் கையால் எழுதுதல் பெரும்பாடு. மூலநிரலைப் படித்து அதனை ஆக்கித்தரும் கருவிகள் பின்னர் வந்தன. ஃபோர்ட்ரான் மொழியில் அமைந்த எம்.ஐ.டி. பொதுச்சுழற்சி மாதிரிக்கு டாஃப் என்னும் கருவி இப்பணியைச் செய்கின்றது.

இவ்விடத்துத் தமிழ் மாணவர்க்கு நன்னூலின் பகுபத உறுப்பிலக்கணம் கைகொடுக்கும். ‘வந்தனன்’ என்பதை எம் வகுப்பில் இறுதியிலிருந்தே பிரிப்போம். விகுதி அன், சாரியை அன், இடைநிலை த், சந்தி த், அது ந் ஆனது விகாரம், பகுதி வா, அது ‘வ’ எனக் குறுகியதும் விகாரம். ‘வ’ மட்டும் கையிலிருப்போன், அது முன்னர் நெடிலாயிருந்ததை அறிந்தாலன்றிப் பகுதியை மீட்க இயலாது. கணினிக்கும் இதுவே இடர். காலப்படிதோறும் பழைய நீர்மட்டம் அழிக்கப்பட்டு அவ்விடத்திலேயே புதியது எழுதப்படும். பின்னோக்கி வருங்கால் அழிந்த எண் வேண்டும். எல்லாவற்றையும் சேமிப்பின் நினைவகம் தாங்காது. ஆதலின் சில படிகளில் மட்டும் நிலையைச் சேமித்து, இடைப்பட்டவற்றை மீண்டும் கணக்கிடுவர். எதனைச் சேமிப்பது என்பதை நிரலாசிரியரே மூலநிரலின் குறிப்பு வரிகளில் கருவிக்கு உரைத்தல் வேண்டும். தானியங்கி என்னும் பெயர் சற்று மிகைதான்!

வந்த விடையை அப்படியே கொள்ளலும் ஆகாது. ஏதேனுமொரு கட்டத்தை மட்டும் சிறிது மாற்றி மூலநிரலை ஓட்டி, இரு எண்களையும் ஒப்பிட்ட பின்னரே நம்புதல் வேண்டும். கரையேறும் அலையிலோ சிக்கல் வேறு. ‘இக்கட்டம் நனைந்ததா, உலர்ந்ததா’ என நிரல் வினவி வழி பிரியும் இடத்தில் வகைக்கெழு பொருளிழக்கலாம். கரையோர ஊர்கள் அறிய விழைவதோ அந்த எல்லைக் கோட்டைத்தான். அவ்வினாவை நீக்கி, மெல்ல மாறும் வளைகோடு ஒன்றை அமைப்பதுண்டு. அவ்வாறு அமைத்தால் கணக்கு நடக்கும், கரை மட்டும் சிறிது மங்கும்.