பினாங்குக்குப் போகிறவளுக்கு

காக்ஸ் டவுன்,
பெங்களூரு.

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியம்மா எழுதுகிறேன். மலேசியாவுக்கு டிக்கெட் போட்டாச்சு என்று உன் அம்மா சொன்னதிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. அந்த மஞ்சள் காமாலைக்கு அப்புறம் நீ இன்னும் முழுசாகத் தேறவில்லை, கன்னத்தைப் பார்த்தாலே தெரிகிறது. போகாதே என்று சொல்லவில்லை. சமையல்காரரையும் கூடவே கூட்டிப்போகிற அந்த டூர் குழுவோடு போவதா, சிநேகிதியோடு தனியாகப் போவதா என்று கேட்டிருந்தாய். உன் காசு, உன் லீவு, நீயே முடிவு செய்.

ஆனால் அந்தக் குழுக்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது. உன் பெரியப்பாவும் நானும் அப்படித்தான் போனோம். பினாங்கு ஜார்ஜ் டவுனில் பஸ் நின்ற இடத்துக்கு எதிரிலேயே நாசி கண்டார் கடை. கண்ணாடிக்குப் பின்னால் ஒருவர் தட்டில் சோறு வைத்து, கோழித்துண்டும் வெண்டைக்காயும் வைத்து, ஒவ்வொரு சட்டியிலிருந்தும் ஒரு கரண்டி குழம்பாக மேலே ஊற்றிக்கொண்டே வந்தார். சோறே தெரியாமல் முங்கிவிட்டது. அங்கே சாப்பிடப் பெரியப்பா கைடிடம் அரைமணி நேரம் கேட்டார். “நம்ம சாப்பாடு ரெடி சார்” என்று எல்லாரையும் ஒரு ஹாலுக்குள் ஓட்டிக்கொண்டு போய் சாம்பார் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் போட்டார்கள். காக்ஸ் டவுனில் கிடைக்காத சாம்பாரா? அவர் கடைசிவரை அதைச் சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

இத்தனைக்கும் நாசி கண்டார் நம் ஆட்கள் ஆக்கிய சோறு. தமிழ் முஸ்லிம்கள் தோளில் தடி போட்டு, ஒரு பக்கம் சோறும் ஒரு பக்கம் குழம்பும் தொங்கவிட்டு, துறைமுகத்தில் மூட்டை தூக்கினவர்களுக்கு விற்றது. 1801-ல் தொடங்கிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும் அந்த ஊரில் அவர்களுடையதுதான். அவ்வளவு தூரம் போய் அந்தச் சோற்றைத் தொடாமல் வந்தோம்.

நம் வீட்டுச் சாப்பாட்டையே யோசித்துப் பார். ஞாயிற்றுக்கிழமை மஞ்சள் தேங்காய்ச் சோறும் உருண்டைக் கறியும் பக்கத்து ஆங்கிலோ-இந்தியன் வீட்டிலிருந்து பாட்டி கற்றது. மார்கழியில் அவரைக்காய் போட்டுத் தட்டுகிற அக்கி ரொட்டி கன்னடக்காரர்களுடையது. நம் பெரியவர்கள் ‘எங்க ஊர்ச் சோறுதான் வேணும்’ என்று உட்கார்ந்திருந்தால் இதெல்லாம் நம் தட்டுக்கு வந்திருக்குமா?

அதனால் உன் அம்மா கட்டித்தருகிற புளிக்காய்ச்சல் பாட்டிலை வாங்கிக்கொள், வேண்டாம் என்றால் வருத்தப்படுவாள். விமானம் தாமதமானால் உதவும், அதற்குமேல் திறக்காதே. அங்கே அசாம் லக்சா சாப்பிடு. புளிப்பான மீன் குழம்பில் தடித்த அரிசி நூடுல்ஸ், மேலே புதினா, வெள்ளரி, அன்னாசி. நம் மீன் குழம்பில் வளர்ந்த நாக்குக்குப் பிடிக்காமல் போகாது. வெயில் ஏறினதும் செண்டோல்: தேங்காய்ப்பாலும் பனைவெல்லமும். சிங்கப்பூர் போனால் ஹாக்கர் கடைகளை விடாதே, அந்தக் கலாச்சாரத்தை 2020-ல் யுனெஸ்கோ பட்டியலிலேயே சேர்த்துவிட்டார்கள்.

ஒன்றே ஒன்று. சார் குவே தியாவ் நூடுல்ஸில் கெராங் என்கிற சிப்பி போடுவார்கள், பாதிதான் வெந்திருக்கும். காமாலைக் கிருமி அதில் வரும். “கெராங் வேண்டாம்” என்று அடுப்பில் போடுவதற்கு முன்பே சொல். கூட்டம் நிற்கிற கடையில், கண்ணெதிரே சூடாகப் போடுவதை மட்டும் சாப்பிடு. ஓஆர்எஸ் பாக்கெட் கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் இல்லை. கிளம்புவதற்கு முன் டாக்டரிடம் தடுப்பூசி பற்றிக் கேள். இதைச் செய்தாயா என்று நான் போன் போட்டுக் கேட்பேன்.

ரொம்பப் பேசிவிட்டேன் போலிருக்கிறது. நீ எங்கள் எல்லாரையும்விடக் கெட்டிக்காரி, உனக்கு நான் சொல்லித்தர என்ன இருக்கிறது? குழுவோடு போனாலும் எனக்குச் சந்தோஷம்தான் கண்ணு, நீ நல்லபடியாகத் திரும்பி வந்தால் போதும். உன் கணக்கில் கொஞ்சம் பணம் போட்டிருக்கிறேன். துணிமணிக்குச் செலவழிக்காதே, அது சாப்பாட்டுக்கு மட்டும். பெரியப்பா பேரைச் சொல்லி முதல் தட்டு நாசி கண்டார் வாங்கிச் சாப்பிடு.

உன் பெரியம்மா