நிக்காஹ் பதிவேட்டில் ஒரு பெண் என்னென்ன எழுதச் சொல்லலாம்?



இம்மாதப் பாடத்துக்கு நிக்காஹ் ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்கிறோம். பெண்ணுரிமை என்று யாராவது பேச்செடுத்தால், "மார்க்கம் எல்லாவற்றையும் அன்றே கொடுத்துவிட்டது" என்ற பதில் நம் மஹல்லாக்களில் உடனே வரும். உண்மைதான். ஆனால் கொடுக்கப்பட்டது நம் வீட்டுப் பெண்ணின் கைக்கு வந்து சேர்ந்ததா? அதை அறிய மிக எளிய வழி, உங்கள் ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேட்டைத் திறந்து பார்ப்பது. மணமகன் பெயர், மணமகள் பெயர், வலீ, இரண்டு சாட்சிகள், மஹர் ஒரு வரி. பெரும்பாலும் அவ்வளவுதான் இருக்கும்.

முதலில் சம்மதம். கன்ஸா பின்த் கிதாம் (ரலி) என்ற ஸஹாபி பெண்மணியை அவருடைய விருப்பத்துக்கு மாறாகத் தந்தை மணமுடித்துக் கொடுத்தார். அவர் நபி (ஸல்) அவர்களிடம் முறையிட, அந்தத் திருமணம் ரத்து செய்யப்பட்டது. இது புகாரியில் உள்ள செய்தி. நம் மாவட்டத்தில் ஊட்டி, குன்னூர் பக்கம் ராவுத்தர்களும் உருது பேசுவோரும் பெரும்பாலும் ஹனஃபிகள். கூடலூர், பந்தலூர் பக்கம் மாப்பிளமார் ஷாஃபிஈகள். கன்னிப்பெண் விஷயத்தில் தந்தைக்குக் கூடுதல் அதிகாரம் தரும் ஷாஃபிஈ நூல்களும் அவளைக் கேட்பதே ஸுன்னத் என்கின்றன. பந்தலில் சாப்பாடு தயாரான பிறகு உள்ளே போய்க் கேட்பது கேட்டதாகாது என்பது எங்கள் கருத்து.

அடுத்தது மஹர். அந்நிஸா அத்தியாயத்தின் 4ஆம் வசனம் அதைப் பெண்ணுக்கே மனமுவந்து கொடுக்கச் சொல்கிறது. அவளுடைய தந்தைக்கோ மாமியாருக்கோ அதில் பங்கில்லை. 1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடுப்புச் சட்டமும் மஹரை வரதட்சணைக் கணக்கில் சேர்க்கவில்லை. பெண் வீட்டாரிடம் பவுன் கணக்கில் கைக்கூலி வாங்கிக்கொண்டு, அதிலிருந்தே ஒரு சிறு தொகையை மஹராகத் திருப்பிக் கொடுக்கும் வழக்கத்துக்கு என்ன பெயர் வைப்பது என்று எங்களுக்குத் தெரியவில்லை. இங்கே ஒரு சின்ன விஷயம். உடனே கொடுக்கும் மஹருக்கும் பின்னர் கொடுக்கும் மஹருக்கும் அரபியில் இரண்டு சொற்கள் உண்டு. ஒன்றில் ஐன், மற்றொன்றில் ஹம்ஸா. தமிழில் எழுதினால் இரண்டுமே "முஅஜ்ஜல்"தான்! பத்து வருடம் கழித்துத் தகராறு வந்தால் எது எதுவென்று யார் சொல்வது? "இன்ன தொகை கொடுத்தாயிற்று, இன்ன தொகை பாக்கி" என்று நல்ல தமிழில் எழுதச் சொல்லுங்கள்.

இனி நிபந்தனைகள். நம்மில் பலர் அறியாத பகுதி இது. தலாக் சொல்லும் அதிகாரத்தைக் கணவன் மனைவிக்கு ஒப்படைக்கலாம். இதற்குத் தஃப்வீழ் என்று பெயர். ஹனஃபி ஃபிக்ஹில் இது விரிவாகப் பேசப்படுகிறது. பாகிஸ்தானின் நிக்காஹ் படிவத்தில் 18ஆவது பத்தி இதற்கென்றே உள்ளது. பல இடங்களில் பதிவாளர் அதைப் பெண்ணிடம் கேட்காமலேயே அடித்துவிடுகிறார் என்ற புகாரும் உண்டு. ஷாஃபிஈகள் வாழும் மலேசியாவில் வேறு வழி: நிக்காஹ் முடிந்ததும், குறிப்பிட்ட காலம் மனைவியைச் செலவுக்குத் தராமல் விட்டுவிட்டால் அவள் முறையிட்டுப் பிரியலாம் என்று மணமகன் உறுதி சொல்கிறார். தஃலீக் எனப்படும் இது அங்குள்ள தமிழ் முஸ்லிம்களுக்கும் பழக்கமானது. வாசகங்களை உலமாக்களிடமும் வழக்கறிஞரிடமும் காட்டிச் சரிபார்த்து எழுத வேண்டும்.

நிபந்தனை எழுதாதவர்களுக்கு 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண ரத்துச் சட்டம் இருக்கிறது. ஹனஃபி ஃபிக்ஹில் பெண் பிரிவதற்கான வாசல் மிகக் குறுகலாக இருந்ததால், பஞ்சாப் பகுதியில் சில பெண்கள் திருமணத்தை முறிப்பதற்காகவே மார்க்கத்தை விட்டு விலகினார்கள். மௌலானா அஷ்ரஃப் அலீ தானவீ, தாம் ஹனஃபியாக இருந்தும், மாலிகீ ஃபிக்ஹிலிருந்து தீர்வெடுத்து நூல் எழுதினார். அந்த வழியில்தான் சட்டம் வந்தது. கணவன் நான்கு ஆண்டுகள் தகவலே இல்லாமல் போனாலும், இரண்டு ஆண்டுகள் செலவுக்குக் கொடுக்காவிட்டாலும், கொடுமை செய்தாலும் மனைவி நீதிமன்றத்தில் ஃபஸ்கு கேட்கலாம். கொடுமை என்றால் அடி உதை மட்டுமல்ல. மனைவியின் சொத்தை விற்றுத் தீர்ப்பதும், அதில் அவளுக்குள்ள உரிமையைத் தடுப்பதும் அந்தப் பட்டியலில் உள்ளன. எஸ்டேட்டில் இலை பறித்துச் சேர்த்த காசில் வாங்கிய வளையலும் சொத்துதான். வளைகுடாவுக்கோ திருப்பூருக்கோ போன கணவன் பணம் அனுப்பாமல் இருந்தால், "பொறு, வருவான்" என்று ஆண்டுக்கணக்கில் சொல்லி அனுப்புவது அந்தப் பெண்ணுக்குச் செய்யும் அநீதி.

குலஃ விஷயத்தில் நம் எல்லைப்புறக் குடும்பங்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஸாபித் பின் கைஸ் (ரலி) அவர்களின் மனைவி, மஹராகப் பெற்ற தோட்டத்தைத் திருப்பிக் கொடுத்துப் பிரிந்தார் என்பது அனைவரும் அறிந்த செய்தி. கேரள உயர் நீதிமன்றம் 2021இல், நீதிமன்றத்துக்கு வெளியே பெண் பெறும் குலஃ செல்லும் என்றது. சென்னை உயர் நீதிமன்றமோ 2023இல், ஷரீஅத் கவுன்சில் போன்ற தனியார் அமைப்புகள் குலஃ சான்றிதழ் தர முடியாது, பெண் குடும்ப நீதிமன்றத்தையே நாட வேண்டும் என்றது. முன்னாள் சட்டமன்ற உறுப்பினர் பதர் சயீத் தொடுத்த வழக்கில், காஜியின் சான்றிதழ் ஒரு கருத்து மட்டுமே என்று 2017இலேயே இதே நீதிமன்றம் கூறியிருந்தது. கூடலூர்ப் பெண்ணை நிலம்பூரிலும் சுல்தான் பத்தேரியிலும் கட்டிக்கொடுக்கிறோம். நாடுகாணியைத் தாண்டினால் வழி மாறுகிறது. ஜமாஅத் கடிதத்தை மட்டும் நம்பி மறுமணம் செய்துவிட்டுப் பின்னால் தவிக்க வேண்டாம்.

தலாக்குக்குப் பின் ஜீவனாம்சம் இத்தா வரைதான் என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். முஸ்லிம் பெண்ணும் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125ஆம் பிரிவின்கீழ் ஜீவனாம்சம் கோரலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலை 10 அன்று தெளிவாகச் சொல்லிவிட்டது. புதிய சட்டத்தில் அது 144ஆம் பிரிவு.

இவ்வளவும் எழுதிவிட்டோம். ஆனால் வழக்கு பேச வரும் பெண் ஜமாஅத் அலுவலகத்தின் வாசலில் நிற்க, உள்ளே ஆண்கள் மட்டும் அமர்ந்து பேசினால் இதில் எது அவளுக்கு எட்டும்? புதுக்கோட்டையில் தாவூத் ஷரீஃபா கானம் பெண்களுக்கென்று தனி ஜமாஅத் தொடங்கியது இந்தக் குறையால்தான். அவருடைய எல்லாக் கருத்துகளையும் நம் வாசகர்கள் ஏற்கமாட்டார்கள். எங்களுக்குள்ளும் கருத்து வேறுபாடு உண்டு. என்றாலும் மஹல்லாவுக்கு இரண்டு மூத்த பெண்களை, ஒரு ஆலிமாவும் ஓர் ஆசிரியையும் என்றாவது, விசாரணையில் உடன் அமர்த்துவதை எந்த மத்ஹபும் தடுக்கவில்லை.

2009ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டில் நிக்காஹையும் அரசிடம் பதிய வேண்டும். 90 நாட்களுக்குள் பதிந்துவிடுங்கள். ஜமாஅத் பதிவேட்டின் நகலில் ஒன்று மணமகள் கையில் இருக்கட்டும். வழக்கு நடத்த வசதியில்லாத சகோதரிகள் உதகையிலுள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞர் உண்டு. அவசர உதவிக்கு 181. போகும்போது நிக்காஹ் நகல், ஆதார், குழந்தைகளின் பிறப்புச் சான்று மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள்.