நெஞ்சுடைதல்

நெஞ்சுடைந்து மாண்டான் என்று நூல்களிற் படிக்கும்போது, அது புலவர் கற்பனை என்றே மாணவர் கருதுவர். சிலப்பதிகாரத்திலே, தன் தீர்ப்புத் தவறென உணர்ந்த பாண்டியன் அரியணையினின்று வீழ்ந்து உயிர்துறக்கின்றான். தேவியும் உடன் மடிகின்றாள். இஃது உண்மையில் நிகழுமோ என நம்மை வினவுவோர் உளர். அவ்வினாவுக்கு இக்கால மருத்துவம் தரும் விடை, சத்திர சிகிச்சைக்குச் செல்லும் நம்மவர் அனைவரும் அறியத்தக்கது.

1990 ஆம் ஆண்டில் யப்பானிய மருத்துவர் ஓர் இருதய நோயை விளக்கித் 'தக்கோட்சுபோ' எனப் பெயரிட்டனர். எட்டுக் கால்களையுடைய கணவாயைப் பிடிக்க அந்நாட்டு மீனவர் கடலில் இடும், வாய் குறுகி வயிறு பருத்த பாண்டத்தின் பெயர் அது. பேரச்சம், பெருந்துயர், கடுநோவு ஆகியவற்றால் அதிரீனலின் முதலிய சுரப்புக்கள் குருதியில் மிகும்போது இருதயத் தசை திகைத்துச் சோர்கின்றது. இடப்புற அறையின் நுனி சுருங்காது பருத்து, அப்பாண்டம்போல் ஆகின்றது. மாதவிடாய் நின்ற பெண்களிடத்தே இது மிகுதி.

மயக்க மருந்தால் உறங்குவார்க்கு அச்சமேது எனலாம். அறிவு உறங்கினும் உடல் முற்றாக உறங்குவதில்லை. மூச்சுக்குழாயிற் கருவி நுழையும்போதும், கத்தி படும்போதும், விழித்தபின் நோவு தாக்கும்போதும் அச்சுரப்புக்கள் எழும். மயக்க மருத்துவர் அவற்றை மருந்தால் அடக்குவர். ஆயினும், அரிதாகச் சிலர்க்கு இந்நோய் நேர்கின்றது. நோவடக்கும் மருந்தினால் நெஞ்சுவலி மறைந்திருக்கலாம்; மூச்சுத் திணறல், குருதியமுக்கக் குறைவு, இருதயத் துடிப்பின் மாறுபாடு ஆகியவையே அறிகுறியாகலாம். ஈ.சி.ஜி. மாரடைப்பைப் போலவே காட்டும். இருதய நாடிகளைப் படமெடுத்தால் இந்நிலைக்குக் காரணமான அடைப்பு இராது. பெரும்பாலோர் சில வாரங்களிற் தேறுவர். எனினும், உயிருக்கு இடர் விளைதலும் உண்டாதலின் இதனை எளிதென எண்ணலாகாது.

வீரமுனையிற் சிந்தாயாத்திரைப் பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்து வைத்தியசாலைக்குப் புறப்படுவோரிடம், "பயப்படாதே" என்று சொல்லி வாயடைத்துவிடுகின்றோம். அச்சம் கோழைமையன்று. அதனையும், முன்னுற்ற இருதய நோயையும், அண்மையில் நேர்ந்த இழவையும் மருத்துவரிடம் முன்னரே கூறுவித்தல் உறவினர் கடன். சிகிச்சைக்குப்பின் நெஞ்சிலோ மூச்சிலோ சிறு வேறுபாடு தோன்றினும் உடனே தாதியரிடம் அறிவித்தல் வேண்டும்.

நம்மிடம் பயின்று இன்று மருத்துவராய் விளங்கும் பழைய மாணவர்க்கும் ஒரு வேண்டுகோள்: நாடியைப் பிடிக்குமுன் நோயாளியின் நெஞ்சைச் சற்றுக் கேளுங்கள்.