மூத்திரப் பரீக்ஷையும் புழு நோய்களும்

குடியானவரின் தேகத்தில் புழுக்கள் குடிகொண்டு உழைப்பைக் குன்றச் செய்வது யாவரும் அறிந்ததே. ஆயினும், எப்புழுவுக்கு எதனைப் பரீக்ஷித்தல் வேண்டும் என்பதைப் பலர் அறியார். மூத்திரத்தை மட்டும் ஒரு சீசாவில் கொடுத்து, அதில் புழு இல்லையென்று கேட்டவுடன் கவலை நீங்குவோர் உளர். இது தவறாகும். புழு எவ்விடத்தில் வசிக்கின்றதோ, அவ்விடத்தின் வழியாகவே பெரும்பாலும் அதன் முட்டை வெளிப்படும் என்பதே இதில் கொள்ளவேண்டிய விதி.

கொக்கிப்புழு சிறுகுடலில் கடித்து நின்று இரத்தத்தை உறிஞ்சுவது. அதன் முட்டை மலத்தில் மட்டுமே காணும். தாமிரபரணிப் பாசன நிலங்களிலே, அசுத்தப்பட்ட ஈரமண்ணில் வெறுங்காலுடன் உழைப்பவர் வெளுத்து இளைத்தால் மலத்தையே பரீக்ஷைக்கு அனுப்புதல் வேண்டும். மாடுகள் குறட்டையிட்டு மூச்சுத் திணறும் நோய்க்குரிய புழுவை, 1933-ல் சென்னை மாகாணத்தில் அனந்தநாராயண ராவ் என்பார் விவரித்து வெளியிட்டார். அப்புழு மூக்கின் இரத்தக்குழாய்களில் இருப்பதால், முட்டை மூக்குச் சளியில் காணும்.

இப்புழுவின் இனத்தைச் சேர்ந்த வேறொன்று மனிதனின் மூத்திரப்பையைச் சூழ்ந்த இரத்தக்குழாய்களில் வாழ்வது. இவ்வினத்தை 1851-ல் கெய்ரோ நகரில் பில்ஹார்ஸ் என்னும் ஜெர்மன் வைத்தியர் கண்டறிந்தார். மூத்திரத்தில் இரத்தம் காணுதல் இதன் முக்கிய அடையாளம். ஆப்பிரிக்காவில் இது மிகுதி. நம் தேசத்தில் ரத்தினகிரி ஜில்லாவின் கிம்வி கிராமத்தில் இந்நோய் இருந்தது 1952-ல் வெளியாயிற்று. நன்னீர் நத்தையிலிருந்து வெளிவரும் குஞ்சுகள், நீரில் இறங்குவோரின் தோலைத் துளைத்துப் புகும். முத்துக்குளித்துறையின் உப்புநீரில் மூழ்குவதால் இந்நோய் வாராது. ஆனால் தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்திலிருந்து கப்பலேறி, ஆப்பிரிக்க நாடுகளின் ஆறு ஏரிகளில் குளித்துத் திரும்பியவர் அச்செய்தியை வைத்தியரிடம் மறவாது கூறல் வேண்டும்.

இதற்குரிய பரீக்ஷை முறையாவது:

1. பகல் 10 மணிக்கும் 2 மணிக்கும் இடையே முட்டை மிகுதியாக வெளிப்படுமாதலால், அந்நேரத்து மூத்திரத்தைச் சுத்தமான சீசாவில் பிடித்துத் தாமதமின்றி ஒப்புவிக்கவும்.

2. அதில் 10 மில்லி லிட்டரை நுண்ணிய வடிதாளில் வடித்துப் பூதக்கண்ணாடியில் காண்பர். ஒரு முனையில் முள்ளுடைய முட்டையே இப்புழுவினது.

3. ஒருமுறை காணாவிடில் நோயில்லையென்று துணியாமல், வேறு நாட்களிலும் பரீக்ஷித்தல் நலம்.

மூத்திரம் பால்போல் வெளுப்பது யானைக்கால் புழுவினாலும் நேரும். 1866-ல் பிரேசில் தேசத்தில் வூகரர் என்பவரும், 1870-ல் கல்கத்தாவில் லூயிஸ் என்பவரும் அத்தகைய மூத்திரத்திலேயே இதன் குஞ்சுகளைக் கண்டனர். 1872-ல் லூயிஸ் இரத்தத்திலும் கண்டார். எனினும் வெளுத்த மூத்திரமெல்லாம் புழுவினால் ஆவதன்று. உப்பினால் வெளுத்தது காடி சேர்க்கத் தெளியும். கொழுப்பினால் வெளுத்தது ஈதர் சேர்த்துக் குலுக்கத் தெளியும். சீழினாலும் மூத்திரம் கலங்கும். இச்சோதனைகள் ஆஸ்பத்திரியில் செய்யத்தக்கவை. நம் நாட்டில் யானைக்கால் புழுவின் குஞ்சுகள் இரவிலேயே மேலோடும் இரத்தத்தில் மிகுவதால், அதற்கு இரவு இரத்தப் பரீக்ஷையே தக்கது.

புழு விடும் பொருள் இரத்தத்தில் கலந்து மூத்திரத்தில் இறங்குவதைக் காட்டும் சிறு பரீக்ஷைப் பட்டைகளும் இக்காலத்தில் உள்ளன. இதனால், குடலைச் சார்ந்த இரத்தக்குழாய்களில் வாழும் ஆப்பிரிக்கப் புழுவொன்றை ஒரு துளி மூத்திரத்திலேயே அறியலாம். ஆயினும் இப்பட்டை கொக்கிப்புழுவைக் காட்டாது.

மூத்திரத்தில் இரத்தம் காண்பது கல்லடைப்பு, புற்று முதலியவற்றாலும் நேருமாதலின், கைமருந்தில் காலத்தைக் கழிப்பது உயிருக்கே கேடாகலாம். கிராம அதிகாரிகள் இத்தகையோரைத் தாமதமின்றி அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, சீசாவின்மேல் பெயர், வயது, பிடித்த நேரம் ஆகியவற்றை எழுதச் செய்வாராக. மலமூத்திரம் குளத்திலும் வாய்க்காலிலும் சேராது காத்தலே இவ்வகை நீர்ப்புழுக்கள் பரவாமல் தடுக்கும் முதல் வழியாகும்.