கலம் ஏறுமுன்

நோயுற்றார் ஒருவர் கலம் ஏறின், கரை காணுமுன் அந்நோய் பலரைப் பற்றும். 1377ஆம் ஆண்டில் ரகூசா நகரத்தார், கொள்ளைநோய் பரவிய ஊர்களிலிருந்து வந்தோரை 30 நாள் நகர்க்குப் புறத்தே தங்கச் செய்தனர். நோயை அறியும் சோதனை அக்காலத்தில் இல்லை. காத்திருத்தல் ஒன்றே வழி.

2020ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், ‘டைமண்ட் பிரின்சஸ்’ என்னும் உல்லாசக் கப்பல் ஜப்பானிய நாட்டு யோக்கோகாமாத் துறையை அடைந்தது. முன்னரே ஹாங்காங்கில் இறங்கிய பயணி ஒருவர்க்குக் கொரோனா நோய் உண்டென்பது அவர் இறங்கிய பின்னரே தெரிந்தது. கப்பலிலிருந்த 3,711 பேருள் 712 பேரை அந்நோய் பற்றியது.

அதன்பின், கலம் ஏறுமுன் சோதனை செய்யும் வழக்கம் உண்டாயிற்று. அதற்குக் காலமறிதல் இன்றியமையாதது. மிக முந்திச் செய்யின், பின்னர்த் தொற்றும் நோய் புலப்படாது. மிகப் பிந்திச் செய்யின், முடிவு வருமுன் கப்பல் புறப்பட்டுவிடும். நோயுண்டென அறிந்து பயணத்தைக் கைவிடுவோன் இழப்பது சில நாள் இன்பமே. அவனாற் காக்கப்படுவோர் பலராவர்.